இரண்டு டெராபைட் காலியிடம்

சத்தியம், சத்தியம், சத்தியம். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறேன். இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பற்களும் இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். முறுக்கு கடிக்க எனக்கு அந்த இரண்டை விட்டால் வேறு கதியில்லை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திண்டுக்கல்லில், வீட்டில் ஹார்ட் டிஸ்க் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பேக்கரியின் மாடியில் கூடுவார்கள். புதிதாக ஒருவர் வந்தால் பெயர், ஊர், வேலை எதையும் கேட்க மாட்டார்கள். "எவ்வளவு?" என்பார்கள். பன்னிரண்டு என்று சொன்னால் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் ஸ்டூல். அறுபது என்றால் முதுகு சாய்க்கிற நாற்காலி. எல்லாம் டெராபைட் கணக்கு. ஒரு டெராபைட்டில் சுமாராக ஐந்நூறு சினிமாப் படம் அடங்கும்.

தெய்வசிகாமணியிடம் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. மாடிக்கு முட்டை பப்ஸ் வந்தால் தட்டு முதலில் அவர் பக்கம்தான் திரும்பும்.

கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் நடு அறை முழுக்க இரும்பு ரேக், ரேக் முழுக்க டிஸ்க். அவை ஓடுகிறபோது எழும் ரீங்காரத்தைக் கேட்டு, சிறுமலையில் தேன் எடுக்கிற ஒருவர் வாசலில் வந்து நின்று, கூடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். ஐப்பசி மழையில் தெருவே ஈரத் துணியோடு திண்டாடும்போது, அவர் மனைவி மரகதம் ஜமுக்காளத்தைத் துவைத்து அந்த அறையில் விரிப்பார். காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மொரமொரவென்று காய்ந்திருக்கும்.

உள்ளே என்ன இருந்தது? எல்லாம் இருந்தது. படங்கள், பாட்டுகள், ஏழெட்டு மொழிகளில் கலைக்களஞ்சியம், எந்தக் கம்ப்யூட்டரிலும் இனி ஓடாத பழைய மென்பொருள்கள், பின்லாந்து நாட்டு ரயில்களின் பல வருஷத்து நேர அட்டவணை. எல்லாவற்றிலும் மூன்று பிரதி. மூன்று பிரதி இல்லாதது இருந்தும் இல்லாததுதான் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருப்பார். எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: பிறகு பிரிக்க வேண்டியது.

கூட்டத்தின் குரு பிலோமினா. தெய்வசிகாமணியைவிட இருபத்தைந்து வயதாவது இளையவர். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் உள்ளே இருப்பதை உயிரோடு வெளியே எடுக்கத் தெரிந்தவர். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் டிஸ்க்கைக் கைக்குழந்தை போலத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டால், "டீ ஆறுது, குடிங்க" என்பார்.

தெய்வசிகாமணிதான் அவரை முதலில் விளையாட்டாக, "குருவே" என்று கூப்பிட்டார். கொஞ்ச நாளில் விளையாட்டு கழன்று போய் குரு மட்டும் நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார்.

"குருவே, முந்நூறைத் தொட்டுட்டா நிறுத்திக்கலாம்னு இருக்கேன். போதுமா?"

"எதுக்குப் போதுமான்னு கேக்கறீங்க சார்?"

"பொதுவா. ஒரு மனுஷனுக்கு."

"இன்னொரு நாள் பார்ப்போம்."

அந்த இன்னொரு நாள் தை மாதத்தில் வந்தது, டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு.

தெய்வசிகாமணி காலையிலேயே ஆட்டோ பிடித்து பிலோமினா வீட்டுக்கு ஓடினார். துண்டில் ஒரு டிஸ்க். பிலோமினா அதைக் காதோடு வைத்துக் கேட்டார். மேஜையில் வைத்தார்.

"உள்ள படிக்கிற முள்ளு தட்டுல ஒரசுது. இன்னைக்குப் படிக்கும். நாளைக்கு நான் பொறுப்பில்லை. என்ன இருக்கு இதுல?"

"பாப்பா."

"என்னது?"

"என் மக பூங்குழலி. பிறந்ததிலிருந்து காலேஜ் போற வரைக்கும் நானே கேமராவில எடுத்தது."

"இன்னொரு காப்பி எங்க?"

"இல்லை."

"பின்லாந்து ரயிலுக்கு?"

"மூணு இருக்கு."

பிலோமினா சிரிக்கவில்லை. அது தெய்வசிகாமணிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"இதுக்கு ஏன் எடுக்கலை?"

"வருஷவாரியா பிரிச்சு, பேரு வெச்சு, அழகா அடுக்கிட்டு அப்புறம் மூணா எடுக்கலாம்னு இருந்தேன். மத்ததெல்லாம் பேரோட வருது, அப்படியே காப்பி எடுத்துடலாம். இது நம்ம வீட்டுது. கண்டபடி வைக்க மனசு வரலை."

"கேமரா டேப்பு இருக்குமே?"

"டிஸ்க்கில ஏத்தியாச்சே, இனி அடைசல் எதுக்குன்னு நான்தான் குப்பையில போடச் சொன்னேன்."

"வீட்டில அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை. பாப்பா அடுத்த மாசம் கனடாவிலிருந்து வர்றா, பேத்தியோட. பேத்திக்குப் போட்டுக் காட்டணும்னு மரகதம் போன்ல சொல்லிக்கிட்டிருக்கா."

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டார்.

"வழி இருக்கு. இது நிக்கறதுக்குள்ள அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்துடணும். ரெண்டு டெராபைட், காலியா, ஒரே டிஸ்க்கா வேணும். என்கிட்ட இருந்ததெல்லாம் வேற ஆளுங்க வேலையில ஓடிக்கிட்டிருக்கு. பாதியில நிறுத்த முடியாது."

தெய்வசிகாமணிக்கு உயிர் வந்தது.

"அவ்வளவுதானா! பயமுறுத்திட்டீங்களே. இருநூத்திப் பன்னெண்டு வெச்சிருக்கறவன்கிட்ட போய் ரெண்டு கேக்கறீங்க."

"காலியா," என்றார் பிலோமினா.

வீட்டுக்கு வந்து ரேக் முன்னால் நின்றபோதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. தையல்கடை வெட்டுத்துணி மாதிரி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு டிஸ்க் முழுசாகக் காலி? இல்லை.

கடைகளுக்குப் போன் போட்டார். அந்த மாதம் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. வியாழக்கிழமை சரக்கு வரும் சார், வந்தா சொல்றோம் என்றார்கள். கூட்டத்தினரைக் கூப்பிட்டார். முதுகு சாய்க்கிற நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவரும், "அடடா, நேத்துத்தான் ரொப்பினேன்" என்றார்கள். ஸ்டூல்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அத்தனை பேர் வைத்திருந்த இடத்தையும் சேர்த்தால் மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகப் படம் பிடித்து வைக்கலாம். இரண்டு டெராபைட் காலியாக ஒருவரிடமும் இல்லை.

எதையாவது அழிக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தார். ஒரு டிஸ்க்கை மாட்டினார். திறந்து பார்த்தார். கழற்றினார். இன்னொன்றை மாட்டினார்.

மரகதம் கரண்டியோடு வந்து நின்றார்.

"மணி பன்னெண்டு ஆகுது. என்ன பண்றீங்க காலையிலேருந்து? மாட்டறீங்க, கழட்டறீங்க."

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். மரகதம் கரண்டியை ரேக் மேலேயே வைத்துவிட்டார்.

"பாப்பா ஓடுறது, பேசுறது எல்லாமா?"

"ஆமா."

"அந்தப் பச்சைப் பாவாடை? ஸ்கூல்ல ஆடுச்சே?"

"எல்லாம்தான்."

"அப்புறம் என்ன யோசனை? இதுல எதையாவது அழிச்சுட்டுப் போங்களேன்!"

"எதையாவதுன்னா எதை? இந்தா, இதுல பின்லாந்து ரயில் அட்டவணை இருக்கு."

"அழிங்க."

"நாளைக்கு யாராவது கேட்டா? இப்ப அது அந்த நாட்டிலயே கிடைக்காது."

"எந்தப் பின்லாந்துக்காரன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில இறங்கி, போன வருஷம் ரயில் எத்தனை மணிக்குப் போச்சுன்னு உங்களைத் தேடி வரப்போறான்?"

"அப்படி இல்லை மரகதம்..."

"மூணு காப்பி வெச்சிருக்கேன்னு பீத்திக்கறீங்களே, ஒண்ணை அழிக்கறது?"

"எது மூணாவதுன்னு தெரியணுமே! மத்த ரெண்டும் எதுல கிடக்குன்னு பார்க்கணும். பார்த்து முடிக்க மாசம் ஆகும்."

மரகதம் அவரைப் பார்த்தார். ரேக்கைப் பார்த்தார். பிறகு காய்கறி வாங்கும் ஒயர் கூடையை எடுத்து வந்தார். இரண்டு டெராபைட் டிஸ்க்குகளை மட்டும் காட்டச் சொல்லி, கைக்கு வந்ததையெல்லாம் வெங்காயம் அள்ளுவது போல அள்ளிக் கூடையில் போட்டார்.

"மெதுவா! மெதுவா!"

"ஆட்டோவைக் கூப்பிடுங்க. நானும் வர்றேன்."

பிலோமினா வீட்டு மேஜையில் அந்த டிஸ்க் இன்னும் டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி கூடையை நீட்டினார்.

"குருவே, எனக்கு முடியலை. எதை அழிக்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பிலோமினா பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடைக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்தார். அதன் மேல் இருந்த வெள்ளைச் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வயரில் மாட்டினார்.

"ஐயோ, அதுல என்ன இருக்குன்னு ஒரு தடவை திறந்து..."

"காலையிலேருந்து திறந்துதானே சார் பார்த்தீங்க?"

"இது ரொம்ப முக்கியமானதா இருந்துட்டா?"

"இது எது?"

தெய்வசிகாமணி அந்த டிஸ்க்கைப் பார்த்தார். கூடையில் இருந்த மற்றவற்றைப் பார்த்தார். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கனம், ஒரே சீட்டு.

"தெரியலை," என்றார்.

பிலோமினா பொத்தானை அழுத்தினார்.

சாயங்காலம் வரை ஆயிற்று. நடுவில் ஒருமுறை டிக் டிக் சத்தம் நின்றது. மரகதம் கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிலோமினா டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்து, எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டீயைக் குடித்து முடித்தார். மறுபடியும் தொடங்கினார். சத்தம் வந்தது. பழைய டிஸ்க் கடைசி வரைக்கும் கொடுத்துவிட்டு, ஒரு முறை கரகரத்து, அதோடு நின்றது. அப்புறம் அது ஓடவே இல்லை.

"வந்துடுச்சா?" என்றார் மரகதம்.

"அங்கங்க நாலு பொட்டு போயிருக்கும். மத்தது வந்துடுச்சு அக்கா. பார்க்கறீங்களா?"

ஏதோ ஒன்றைத் திறந்தார். மூன்று வயதுப் பூங்குழலி, தலையில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு, திரையிலிருந்து நேராகப் பார்த்தாள்.

"அப்பா, கேமராவைக் கீழ வைப்பா. பசிக்குது."

மரகதம் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"அன்னைக்கு வெக்கலையே இவர். நான்தான் வந்து ஊட்டினேன்."

தெய்வசிகாமணி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். எடுத்த பிறகு அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அங்கேயே உட்கார்ந்து மூன்று பிரதி எடுக்க வேண்டும் என்றார். இடம் எங்கே சார் என்றார் பிலோமினா. வியாழக்கிழமை சரக்கு வந்ததும் முதல் ஆளாக நின்று இரண்டு டிஸ்க் வாங்கி, பெயர் வைக்காமல், பிரிக்காமல், கிடந்தபடியே பிரதி எடுத்தார். ஒன்றை மகளுக்கென்று எடுத்து வைத்தார்.

அதோடு மனம் அடங்கியிருந்தால் இந்தக் கதையும் அடங்கியிருக்கும். அடுத்த நாளே ஆரம்பித்தது. அழிந்து போனது எது?

ரேக்கில் இருந்த ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்தார். கலைக்களஞ்சியம் இருந்ததா, இருந்தது. பழைய பாட்டுகள்? இருந்தன. பின்லாந்து ரயில்? ஒன்று விடாமல் ஓடின. சாப்பிடும்போது சட்டென்று ஏதோ நினைவு வந்து, கையைக் கழுவாமல் எழுந்து ஓடுவார். அதுவும் அங்கேயே இருக்கும். மரகதம் சலித்துப் போய், "என்ன காணோம்னு சொல்லுங்க, நானும் தேடறேன்" என்றார். அதைச் சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் தேடுகிறார்?

மகள் வந்தாள். பேத்தி கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தன் அம்மாவைப் போலவே பேசிக் காட்டியது. வீடே சிரித்தது. தெய்வசிகாமணியும் சிரித்துவிட்டு, ஓசைப்படாமல் எழுந்து ரேக் பக்கம் போனார்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, இளைத்துப் போன முகத்தோடு பிலோமினா வீட்டுக்கு வந்து நின்றார். பிலோமினா ஒரு டிஸ்க்கின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"குருவே, அன்னைக்கு என் டிஸ்க்கை அழிச்சீங்களே."

"ஆமா."

"அதுல என்ன இருந்துச்சு?"

"என்ன காணோம்?"

"அதுதான் தெரியலை. எல்லாத்தையும் தேடிட்டேன். தேடினது எல்லாமே இருக்கு."

பிலோமினா திருப்புளியைக் கீழே வைத்தார். மேஜையில் கிடந்த திருகாணிகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, ஒரு டிஸ்க் வைக்கிற அளவுக்கு இடம் பண்ணினார்.

"அப்ப அடுத்ததைக் கொண்டு வாங்க சார்."

நடந்தது இவ்வளவுதான். பற்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்னது யார் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விட வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு நாலைந்து பழைய படம் பிரதி எடுத்துத் தருவதாகத் தெய்வசிகாமணி வாக்குக் கொடுத்திருக்கிறார்.