ஏழரை மணி நிகழ்ச்சி

அநியாயம் நடந்தது செண்பகவடிவுக்கு. அதுவும் நிறைந்த சபையில், மகாராஜா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் நடந்தது.

புலிமலைச் சீமை சின்ன ராஜ்யம்தான். ஆனால் சொந்தமாகத் தொலைக்காட்சி வைத்திருந்த ராஜ்யம். இது எந்தக் காலத்தில் என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், கேட்காதீர்கள். ஏழு மணிக்கு ‘எட்டாவது கொலுசு’, எட்டு மணிக்கு ‘பெரிய வீட்டுப் பழி’. இரண்டுக்கும் ஊரே அழும். நடுவில், ஏழரை மணிக்கு, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு, செண்பகவடிவு.

அவைப் புலவர்களில் அவள்தான் வயதில் இளையவள், வாயில் மூத்தவள். நிகழ்ச்சியின் பெயர் ‘எதிர்வாதம்’. வாதாடக் கூப்பிட்டவர்கள் எல்லாம் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பியதால் இரண்டு பக்கமும் அவளே பேசுவாள். சில நாள் அவளே தோற்றும் போவாள்.

தொலைக்காட்சியை மேற்பார்த்த மந்திரி அம்பலக்கூத்தர் எழுந்தார்.

"மகாராஜா, வீடு வீடாக ஆள் விட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னேன். ஏழரை மணிக்கு நாடு முழுவதும் பார்க்கிறவர்கள் ஏழு பேர். மூன்று பேர் தூக்கம். ஒருவர் வீட்டில் ரிமோட் ரிப்பேர்."

"மிச்சம் மூன்று பேர் இருக்கிறார்களே," என்றாள் செண்பகவடிவு.

"ஒருவர் உங்கள் அம்மா. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்."

"மற்ற இருவர்?"

"எட்டிப் பார்த்த என் ஆட்கள்."

சபை சிரித்தது. நாளை முதல் அந்த அரை மணிக்கு ‘மாமியார் மாத்திரை’ என்று ஒரு புதுத் தொடர் வரும் என்றார் மந்திரி.

செண்பகவடிவு விடுவாளா? "பத்துக் காரணம் சொல்கிறேன், மகாராஜா. முதலாவதாக, என் நிகழ்ச்சிக்குச் செலவே கிடையாது. விளக்குக்கு எண்ணெய் மட்டும்தான்."

"இனி எண்ணெயும் மிச்சம்," என்றார் மந்திரி.

"இரண்டாவதாக, வெளிநாட்டுத் தூதர் வந்தால் காட்டுவதற்கு அறிவுள்ளதாக ஒன்று வேண்டாமா?"

"காட்டினோமே. மறுநாள் விடியுமுன்னே மூட்டை கட்டிவிட்டார்."

மூன்றாவதைத் தொடங்குமுன் மகாராஜா கையை உயர்த்தினார். "நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே, செண்பகம். அந்த நேரத்துக்குத்தான் நான் சாப்பிடுகிறேன்."

அவளுக்குக் கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். என் நிகழ்ச்சி வேண்டும் என்று ஒருவராவது சபைக்கு வந்து கேட்டால் திருப்பித் தரவேண்டும். யாரும் வராவிட்டால் இந்தச் சபையில் என் இடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

"ஆகட்டும்," என்றார் மகாராஜா. மந்திரியின் பல் அத்தனையும் வெளியே தெரிந்தது.

முதல் நாள் செண்பகவடிவு நல்ல புடவை உடுத்தி வாசலில் நின்றாள். கொதித்து வரும் மக்களைச் சாந்தப்படுத்த ஒரு சிறிய உரையும் எழுதி வைத்திருந்தாள். தெருவில் ஒரு மாடு போயிற்று.

இரண்டாம் நாள் உண்மையாகவே ஒருவர் வந்தார். அவள் உரையை எடுத்தாள்.

"அந்த நாற்காலி இனிமே சும்மாதானே கிடக்கும்? எங்க வீட்ல ஒரு நிச்சயதார்த்தம்," என்றார்.

மூன்றாம் நாள் அவளே ‘மாமியார் மாத்திரை’ பார்க்க உட்கார்ந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான். கால் மணியில் தீய்ந்த வாடை வந்தது.

"அம்மா, சோறு தீயுது."

அம்மா திரும்பவில்லை. "நீ போய் இறக்கேன்."

"நீ போம்மா. இப்போ மாத்திரையை மாத்தி வைக்கப் போறா."

இரண்டு பேரும் அசையவில்லை. சோறு கரியானது. பானையைச் சுரண்டும்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதில் சந்தோஷப்படலாமா அழலாமா என்பதுதான் விளங்கவில்லை.

நாலாம் நாள் சபை கூடியதும் மகாராஜா கர்ஜித்தார். "பரிமணத்தைக் கூப்பிடு." பரிமணம் அரண்மனைச் சமையல்காரர். "முந்தாநாளுக்கு முந்தின நாள் ரசத்தில் உப்பில்லை. முந்தாநாள் தாளிப்பில்லை. நேற்று ரசமே இல்லை. என்ன நடக்கிறது?"

"நான் எப்போ எந்திரிக்க, மகாராஜா?" என்றார் பரிமணம். "ஏழு மணிக்குக் கொலுசு. உடனே மாத்திரை. உடனே பழி. முந்தியெல்லாம் நடுவுல அந்த அம்மா வந்து உக்காரும். ‘முதலாவதாக’ன்னு வாயைத் திறந்ததும் நான் அடுக்களைக்கு ஓடிருவேன். கோட்டை வாசல்ல காவல் மாத்துறதும் அப்பத்தான்."

சேனாதிபதி தரையைப் பார்த்தார். மூன்று நாளாக வாசலில் ஆளே மாறவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நல்லா இருப்பீங்க, அந்த அம்மாவைத் திரும்பப் போடச் சொல்லுங்க," என்றார் பரிமணம்.

செண்பகவடிவு எழுந்தாள். "கேட்டு ஒருவர் வந்துவிட்டார், மகாராஜா."

அம்பலக்கூத்தர் சும்மா இருப்பாரா? "அவர் கேட்டது இவருடைய நிகழ்ச்சியை அல்ல, மகாராஜா. ஓர் அரை மணி ஓய்வை. அந்த நேரத்தில் திரையை அணைத்து வைத்தால் போதுமே. இவர் எதற்கு?"

சபை தலையாட்டியது. மகாராஜாவும் தாடியைத் தடவினார். "நியாயமாகத்தானே படுகிறது? நீ என்ன சொல்கிறாய், செண்பகம்?"

மொழியின் பெருமை, அறிவின் சுடர், நாட்டின் மானம் என்று இன்னும் எட்டுக் காரணங்கள் அவள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. எட்டையும் விழுங்கினாள். விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"திரை இருட்டாக இருந்தால், இதோ வந்துவிடும் என்று ஊரே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும், மகாராஜா. நான் வந்தால்தான், இனி ஒன்றும் வராது என்று நம்பி எழுந்து போகும்."