மூன்றாவது ரெய்டு

ஐம்பத்து மூன்று வயதுச் சீடர் ஒருவர் முப்பத்தொன்பது வயது குருவிடம் போய்ச் சேர்ந்த கதை இது. சீடர் டாக்டர் திருமலைக்கொழுந்து. தென்காசிப் பக்கம் இருபத்து நான்கு வருடம் கத்தி பிடித்த அறுவை மருத்துவர். முதுகுவலி வந்து நெடுநேரம் நிற்க முடியாமல் போகவே, கட்டியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். குரு டாக்டர் ஜெபக்கனி. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தும் அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

வந்த முதல் நாளே கொழுந்து கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். எத்தனை வருஷம் பழகினா இதுல நம்ம கை சொல்றதை நம்பலாம்?"

"காபி ஆறுது சார். குடிங்க."

குடித்தார். பதில் வரவில்லை. சின்ன வயசு, தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இருபத்து நான்கு வருடத்துப் பெருமை லேசில் இறங்குமா?

இரண்டாவது வாரம் ஆவுடைச்செல்வி வந்தார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாவட்டத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் விசில் அவர் வாயில்தான் இருக்கும். இப்போது நுரையீரலில் கட்டி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், தினம் ஒரு மாத்திரையிலேயே அதைச் சுருக்கப் பார்க்கலாம். இருக்கிறதா என்று சோதிக்க, உயிருள்ள கட்டிச் சதை வேண்டும். வேறொரு இடத்தில் இரண்டு முறை குத்தி எடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் சோதனைச்சாலை, 'அனுப்பியதில் கட்டி போதவில்லை' என்று எழுதிவிட்டது.

"ரெண்டு ரெய்டு வெறுங்கையோட திரும்பியாச்சு," என்றார் செல்வி, மேசையில் படுத்தபடி. "கபடியில மூணாவது ரெய்டுக்கு என்ன பேரு தெரியுமா டாக்டர்? டூ ஆர் டை. பாயின்ட் எடுக்கணும், இல்லேன்னா வெளிய போகணும். இதுலயும் வரலேன்னா நாலாவது தடவ குத்த நான் வர மாட்டேன். சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கொழுந்துக்குப் புரிந்தது.

"இன்னைக்கு நீங்க எடுங்க சார்," என்றார் ஜெபக்கனி.

சற்று முன்புதான் செல்விக்குக் கதிர் வீசும் சர்க்கரை கொஞ்சம் ஊசியில் ஏற்றி, படம் எடுத்திருந்தார்கள். புற்றுக்கட்டிக்குப் பசி அதிகம். சர்க்கரை கிடைத்தால் வாரி விழுங்கும். விழுங்கிய இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து எடுத்த துணுக்கைக் கதிர் எண்ணும் கருவியில் வைத்தால் 'டிக் டிக்' என்று அடிக்கும். ஜெபக்கனிக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவி சொன்ன பிறகுதான், ஊசி போய்வர நோயாளியின் உடம்புக்குள் நிறுத்திய வெளிக்குழாயை உருவுவார். குழாய் உள்ளே இருக்கும்வரை, புதிதாகக் குத்தாமலே அதன் வழியாக மறுபடி எடுக்கலாம்.

கருவி அடுத்த அறையில், தடித்த சுவருக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு துணுக்குக்கும் அங்கே போய் வருவானேன் என்று கொழுந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்து, செல்வியின் தலைமாட்டிலேயே நிறுத்தினார். ஜெபக்கனி பார்த்தார்.

"மூச்சைப் பிடிங்கம்மா."

"அதைத்தான டாக்டர் இருபது வருஷமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன்."

பிடித்தார். கொழுந்தின் ஊசி பிசகவில்லை. கட்டியின் நட்டநடுவிலிருந்து நான்கு துணுக்குகள். நீளமாய், வெள்ளையாய், சேமியா மாதிரி இருந்தன. நான்கு சின்ன பாட்டில்களில் போட்டு ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

நாலும் அடித்தன. கொழுந்துக்குத் தலைகால் புரியவில்லை.

"நாலுக்கு நாலு மேடம்! குழாயை எடுத்திடட்டுமா?"

"ஒரு நிமிஷம் சார்."

ஜெபக்கனி அலமாரியிலிருந்து புது பாட்டில் ஒன்றை எடுத்தார். ஒன்றும் போடாமல் அப்படியே கருவியில் வைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

"காலி பாட்டிலுக்கும் கட்டி இருக்கும்போல சார்."

"பாவம், அதுக்கும் ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க," என்றார் செல்வி.

கொழுந்துக்குக் காது சுட்டது. செல்வியின் உடம்பு முழுக்க அந்தச் சர்க்கரை ஓடிக்கொண்டிருக்கிறது. தலைமாட்டில் நின்ற கருவி இவ்வளவு நேரமும் அவரைத்தான் எண்ணியிருக்கிறது. பேனா மூடியை வைத்திருந்தாலும் அடித்திருக்கும். குழாயின்மேல் இருந்த தன் விரல்களை மெல்ல எடுத்துக்கொண்டார்.

அவரே கருவியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார். காலி பாட்டிலை வைத்தார். எப்போதாவது ஒரு 'டிக்'. துணுக்குகளை வைத்தார். நாலுக்கும் அதே, எப்போதாவது ஒரு 'டிக்'.

திரும்பி வந்து, "நடுவுலதான மேடம் எடுத்தேன்?" என்றார் தணிந்த குரலில்.

"படத்தைப் பாருங்க சார்."

பார்த்தார். கட்டியின் நடுப்பகுதி இருண்டிருந்தது. இடது ஓரத்தில் மட்டும் பிறை போல ஒரு கீற்று பளிச்சென்று எரிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் செத்த சதை. இந்தப் படத்தைக் கொஞ்சம் முன்னால்தான் பார்த்திருந்தார். பார்த்தது கண், கை அதன் பழக்கத்தில் நடுவுக்குப் போயிருந்தது.

செல்வியின் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, எடுத்த நாலும் உதவாது. தப்பு என்னோடது. புதுசா குத்த மாட்டேன். இதே குழாய் வழியா இன்னொரு மூணு தடவ எடுக்கட்டுமா?"

செல்வி கொஞ்சம் யோசித்தார். நடுவர் முகம் வந்துவிட்டது.

"ரெய்டர் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான நிக்கார்? அப்போ ரெய்டு முடியல. ஆடுங்க."

ஜெபக்கனி திரையில் அந்தக் கீற்றின்மேல் விரலை வைத்தார். கொழுந்து குழாயைக் கொஞ்சம் சாய்த்தார். செல்வி மூச்சைப் பிடித்தார். மூன்று துணுக்குகள் வந்தன. மெலிந்து, ரத்தம் தோய்ந்து, ஒன்று பாதியில் உடைந்து. போன வாரமாக இருந்தால் முகம் சுளித்திருப்பார்.

அடுத்த அறைக்குத் தனியாகப் போனார். காலி பாட்டிலை வைத்தார். எப்போதாவது ஒரு 'டிக்'. முதல் துணுக்கை வைத்தார்.

டிக் டிக் டிக் டிக் டிக்.

தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். மூன்றும் அடித்தன. முதுகுவலியை மறந்து ஓடிவந்தார்.

"பாயின்ட்டும்மா! மூணு பாயின்ட்!"

செல்வி அசையாமல் படுத்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி, மூன்று விரலைக் காட்டினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேடிய மாற்றம் இருந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, ஒரு காலையில் மருத்துவமனையின் மாடிப்படியில் விசில் சத்தம் கேட்டது. நர்ஸ் ஒருவர் சத்தம் போட, செல்வி விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாப்பத்தி ரெண்டு படி. நிக்காம ஏறி வந்தேன், கேட்டுக்கோங்க," என்றார்.

கொழுந்துக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு காபி வாங்கிக்கொண்டு ஜெபக்கனியைத் தேடிப் போனார். அவர் கருவியின் முன்னால் அன்றைய வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், முதல் நாள் ஒண்ணு கேட்டேன். கை சொல்றதை நம்ப எத்தனை வருஷம் ஆகும்னு. நீங்க பதிலே சொல்லல."

ஜெபக்கனி கையிலிருந்த பாட்டிலைக் கருவியில் வைத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு சார். இன்னும் காலி பாட்டிலைத்தான் முதல்ல வைக்கிறேன்."