முகம் காட்டிய உளி

நாட்டைவிடக் காடு பெரிதாயிருந்த காலத்திலே இலுப்பைக்காட்டில் செங்கோடன் என்று ஒரு தச்சன் இருந்தான், கேளுங்கள். அவன் தங்கை புருஷன் நல்லையனும் தச்சன்தான்.

உளியைத் தீட்ட மூன்று படி உண்டு. முதலில் முரட்டுக் கல். அடுத்து வழவழப்பான கல். கடைசியில், எண்ணெயில் குழைத்த மெருகுப்பொடி பூசிய தோல். தோலில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். செங்கோடனுக்குப் போதாது. உளியில் தன் மீசை தெரியும்வரை இழுத்துக்கொண்டே இருப்பான்.

ஆயுத பூசையன்று ராஜா வந்தார். நல்லையனின் உளிகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. செங்கோடனின் உளியில் ராஜாவின் முகமே தெரிந்தது. தன் முகம் பிடிக்காத ராஜா எங்கே இருக்கிறார்? கோயில் கதவு செய்யும் வேலையை அவனுக்கே கொடுத்தார்.

"வேலை முடியும்வரை இந்தப் பளபளப்பு குறையக் கூடாது" என்றும் சொல்லிப் போனார்.

நல்லையன் பொறாமைப்படவில்லை. மரம் பிடித்துக் கொடுக்கத் தானாகவே வந்தான். செங்கோடனின் உளியைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தான். கூரான உளி நகத்தில் கடித்து நிற்கும்; இது கடிக்காமல் வழுக்கியது.

"மச்சான், தோல்ல இழுத்து இழுத்தே முனை உருண்டுபோச்சு. கல்லுல வச்சிரு."

"கல்லுல வச்சா கீறல் விழும் மாப்ளே. ராஜாவுக்கு யார் பதில் சொல்றது?"

மறுநாளும் நல்லையன் சொன்னான். மூன்றாம் நாளும் சொன்னான். செங்கோடன் தோலையே எடுத்தான். உளி இன்னும் மின்னியது, இன்னும் மழுங்கியது. வெட்டாத உளியைக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் ஓங்கி அடித்தான். தேக்கின் கணுவில் உளி வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த நல்லையனின் வலக்கையில் பாய்ந்தது.

புண் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை.

"தீட்டின மரத்துலயே பதம் பாத்துட்டானே, பாவி!" என்றது ஊர். தங்கை தன் புருஷனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அதைத்தான் செங்கோடனால் தாங்க முடியவில்லை.

செங்கோடன் உளியை முரட்டுக் கல்லில் வைத்தான். ராஜா மெச்சிய பளபளப்பெல்லாம் கீறலாகும்வரை தேய்த்தான். முறைப்படி தீட்டி, நல்லையனிடம் கொண்டுபோய் நீட்டினான்.

நல்லையன் அதை இடக்கையில் வாங்கி, மடங்காத கட்டைவிரலின் நகத்தில் வைத்தான். உளி கடித்தது.

"இப்பதான் மச்சான் இது உளி" என்றான்.

செங்கோடன் வாய்விட்டு அழுதான். நல்லையன் சொன்ன முதல் நாளே அந்தக் கல்லைத் தொட்டிருக்கலாமே!

மெச்சுகிறவனுக்காகப் பளபளப்பைக் காத்துக் கூர்மையை விட்டவன், கடைசியில் தனக்குக் கைகொடுத்தவனையே காயப்படுத்துவான்.