கம்பிமேட்டு மூங்கில்

கடலோரத்தில் தனித்து நிற்கும் அந்தக் குன்றுக்குக் கம்பிமேடு என்று பெயர். உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்தார் அதன் உச்சியில் ஒரு வானொலி நிலையம் வைத்திருந்தார்கள். உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நாட்டி, கடலில் போகும் கப்பல்களோடு பேசினார்கள். போர் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பம் நின்ற குழியும், அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளி மூன்று பக்கமும் மூன்று சிமெண்டுத் திண்டுகளும் மட்டுமே மிஞ்சின.

பிற்பாடு அங்கே ஒரு மடம் வந்தது. பவளத்தம்மாள் அதை நடத்தி வந்தார். துறவு கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு முறை உண்டு. உடுத்தப்போகும் காவித் துணியை மூங்கிலின் நுனியில் கட்டி, அந்தக் குழியில் நாட்ட வேண்டும். பொழுது சாயும்வரை மூங்கில் நின்றால், துணியை இறக்கி உடுத்திக்கொள்ளலாம். உடுத்தியவர் பிறகு குன்றைவிட்டு இறங்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தணிகாசலம் ஒரு மூங்கிலோடு ஏறி வந்தார். பவளத்தம்மாளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர்.

மூங்கிலைக் குழியில் இறக்கிச் சுற்றிலும் கல் இறுக்கினார். கடற்காற்று கிளம்பியதும் அது விழுந்தது. மறுநாள் குழியைத் தூர்வாரி இன்னும் ஆழமாக நாட்டினார். அன்று மடத்தில் காயப்போட்டிருந்த வடகத்தின்மேல் விழுந்தது.

"வடகம் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள் செங்கமலம். அவர் மனைவி. தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு தினமும் குன்றேறி வந்தாள். போக வேண்டாம் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

"நீ பேசாமல் இரு. நாளைக்கு நிற்கும்."

"நிக்கட்டும். அந்தத் துணி சாயம் போகுமா? கேட்டு வெச்சுக்குங்க. வெள்ளை வேட்டியோட சேர்த்து ஊற வெச்சுடாதீங்க."

அவர் சிமெண்டுத் திண்டு ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டார். அது துரைமார் காற்று வாங்கப் போட்ட இருக்கை என்பது அவர் தீர்மானம். அதில் பதித்திருந்த இரும்பு வளையம் அவர்களுடைய நாயைக் கட்டுவதற்கு. மூன்றில் ஒரு திண்டில் வளையம் இல்லை. பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மூங்கில் மறுபடியும் விழுந்தது. உள்ளங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. தணிகாசலம் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி நாட்டினார். மறுபடி விழுந்தது. கடைசியில் பவளத்தம்மாளிடம் போனார்.

"அம்மா, எவ்வளவு பெரிய கம்பம் இதே குழியில் தன்னந்தனியாக நின்றிருக்கிறது! என் மூங்கில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?"

பவளத்தம்மாள் கிணற்றடியிலிருந்து கயிறு எடுத்து வந்தார். ஒரு முனையைத் திண்டின் வளையத்தில் கட்டி, மறுமுனையை அவரிடம் நீட்டினார்.

"அது நாய் கட்டிய வளையம் அல்லவா?"

"கம்பத்தைக் கட்டிய வளையம்."

தணிகாசலம் கயிற்றை வாங்கவில்லை. "கயிறுகளை அறுத்துக்கொள்ளத்தானே அம்மா இங்கே வந்தேன்? இவள் ஒரு பக்கம் இழுக்கிறாள், பிள்ளை ஒரு பக்கம், ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பக்கம். நிமிர்ந்து நிற்க விடுகிறார்களா?"

"சரி. கயிறு இல்லாமலே நாட்டுங்கள்."

நாட்டினார். காற்று வந்தது. மூங்கில் அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

தணிகாசலம் கிணற்றடிக்குப் போய் இன்னும் இரண்டு கயிறு எடுத்து வந்தார். பிறகு தாமே மூன்றையும் மூங்கிலின் மேற்பாதியில் கட்டினார். மறுநாள் காலையில், காற்று கிளம்புமுன், மூங்கிலை நாட்டி ஒரு கயிற்றை வளையத்தில் இழுத்துக் கட்டினார். மூங்கில் அந்தப் பக்கமே சாய்ந்தது. இரண்டாவது கயிற்றை அடுத்த வளையத்தில் கட்டினார். இப்போது இரண்டுக்கும் நடுவில் சாய்ந்தது. மூன்றாவது கயிற்றோடு கடைசித் திண்டுக்குப் போனார். கட்ட வளையம் இல்லை. மொழுமொழுவென்றிருந்த சிமெண்டில் முடிச்சு வழுக்கியது.

"இங்க குடுங்க" என்று செங்கமலம் எழுந்து வந்தாள். கயிற்றைத் திண்டைச் சுற்றி வளைத்து, முனையை மணிக்கட்டில் சுற்றி, காலை உதைத்து உட்கார்ந்தாள்.

மூங்கில் நிமிர்ந்தது.

தணிகாசலம் அவளருகே போனார். "இது நின்றுவிட்டால் நான் வீட்டுக்கு வரமாட்டேன், செங்கமலம். தெரியும்தானே?"

"தெரியும். ஆசைப்பட்டுட்டீங்க. தினம் தினம் அது விழுறதையும் உங்க மூஞ்சி சுருங்குறதையும் எத்தனை நாளுங்க பார்க்குறது?"

காற்று கிளம்பியது. மூன்று கயிறுகளும் விறைத்து முறுகின. காவித்துணி படபடத்தது, மூங்கில் அசையவில்லை. நடுப்பகலில் அவர் அவளுக்குச் சோற்றை உருட்டிக் கொடுத்தார். அவள் இடக்கையால் வாங்கிச் சாப்பிட்டாள்.

பொழுது சாய்ந்தது. பவளத்தம்மாள் வந்தார்.

"நின்றுவிட்டது, வாத்தியாரையா. துணியை இறக்கிக்கொள்ளுங்கள்."

தணிகாசலம் மனைவியிடம் போனார். அவள் மணிக்கட்டில் கயிறு பதிந்து தடித்திருந்தது.

"கை புண்ணாகிவிட்டதே."

"விடுன்னு சொல்லுங்க, விட்டுடுறேன்" என்றாள் அவள், மூங்கிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அதைச் சொல்லாமல் பவளத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இவள் விட்டால்தானே துணி என் கைக்கு வரும்?"

"ஆமாம். எதற்கும் மூங்கிலை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடச் சொல்லுங்கள்."

தணிகாசலம் செங்கமலத்தின் அருகில் உட்கார்ந்து, மிச்சக் கயிற்றைத் தம் கையில் சுற்றிக்கொண்டார்.