பாதி வட்டம் காத்த நாய்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஆண்ட ராஜாவின் பேர்கூட மறந்துபோகும் அளவுக்கு வெகு காலத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஒரு சீமையில் சோணை என்ற ஆட்டுக்காரன் இருந்தான். அவனிடம் கொஞ்சம் ஆடுகளும், செவலை, கறுப்பன் என்று இரண்டு நாய்களும் இருந்தன.

ஊர் ஊராகப் போய், எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுகிற ஒரு கூட்டத்தோடு அவன் சேர்ந்திருந்தான். கிடை முழுவதற்கும் அந்த இரண்டு நாய்கள்தான் காவல். பொழுது சாய்ந்ததும் செவலை கிழக்குப் பக்கமாக அரை வட்டம் வரும். கறுப்பன் மேற்குப் பக்கமாக அரை வட்டம் வரும். வடக்குக் கோடியில் இரண்டும் சந்தித்து, வந்த வழியே திரும்பும். யாரும் பழக்கவில்லை, குட்டியிலிருந்தே அப்படித்தான்.

ஒரு பகலில் செவலை மந்தையோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. கூடையைக் கவிழ்த்து மூடிவைத்த ஆட்டுக்குட்டிகளுக்குக் காவலாக நின்ற கறுப்பனை நல்லபாம்பு தீண்டிக் கொன்றுவிட்டது. மந்தை திரும்புவதற்குள் நாயைப் புதைத்து மண்ணைச் சமன் செய்துவிட்டார்கள். செத்த நாயை மற்ற நாய் பார்க்கக் கூடாது, அதன் பேரையும் யாரும் சொல்லக் கூடாது, மீறினால் கிடையில் அடுத்த சாவு விழும் என்பது அவர்கள் வழக்கம். சோணையும் வாயை மூடிக்கொண்டான்.

அன்று செவலை தன் அரை வட்டத்தை முடித்து வடக்குக் கோடியில் நின்றது. நின்றது நின்றதுதான். மேற்கே காவல் இல்லை. விடிந்து பார்த்தால், ஓநாய் ஒரு கிடாக்குட்டியை இழுத்துப் போயிருந்தது. மறுநாளும் அதே கதைதான்.

கிடைக்குத் தலைவரான கீதாரி சொன்னார்: "சோணை, காக்காத நாயை வச்சுக்கிட்டு என்ன செய்ய? அமாவாசைக்குள்ள அது சரியாகணும். இல்லேன்னா நானே அடிச்சுக் கொன்னுருவேன்."

சோணை என்னென்னவோ செய்து பார்த்தான். முதலில் பாலில் கம்பஞ்சோறு பிசைந்து வைத்தான். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்து, வாட்டசாட்டமான வேறொரு நாயைக் கொண்டுவந்தான். கறுப்பன் இடத்தில் அது வந்து நின்றதும், செவலை அதன் காதைக் கிழித்துத் துரத்திவிட்டது. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி மேற்குப் பக்கம் இழுத்தான். இழுத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. கழுத்துத் தோல் உரிந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

சோணையின் பெண்டாட்டி இருளாயி அதன் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள்.

"கறுப்பன் இன்னும் வருவான்னு நெனச்சுக்கிட்டுக் கிடக்குய்யா இது," என்றாள். "மறைச்சது நாம. அதுக்கு யாரு சொன்னா?"

பேரைச் சொல்லிவிட்டாள். சோணை பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்தான்.

புதைத்த இடத்தில் கீதாரி வந்து மறித்தார். "தோண்டுனா உனக்கு இந்தக் கிடையில இடம் இல்ல. உன் ஆட்டைப் பிரிச்சு ஓட்டிக்கிட்டுப் போயிரு."

தனியே போகிற ஆட்டுக்காரனுக்குக் கிடை போட வயலும் கிடைக்காது, ஆபத்துக்கு ஆளும் கிடைக்காது. அது சோணைக்கு நன்றாகத் தெரியும். "சரிண்ணே," என்றான். தோண்டினான்.

நாற்றம் எழுந்தது. செவலை மெல்ல வந்து எட்டிப் பார்த்தது, முகர்ந்தது, குழியோரம் படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டன. கீதாரியே தலையைக் குனிந்துகொண்டார். சோணை அதைத் தடவிக் கொடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொழுது இறங்கியபோது அதுவே எழுந்து வந்து அவன் நீட்டிய தண்ணீரைக் குடித்தது.

கீதாரி சொன்ன சொல்லை மாற்றவில்லை. மறுநாள் சோணையும் இருளாயியும் தங்கள் ஆடுகளோடு வெளியேறி, ஒரு தரிசு நிலத்தில் சின்னதாகக் கிடை போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் செவலை கிழக்கே நடந்தது. சோணை கம்பை ஊன்றிக்கொண்டு மேற்கே நடந்தான்.

வடக்குக் கோடியில் செவலை அவனை ஏற இறங்கப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை, கிட்டே வரவும் இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் திரும்பிக் காவலுக்குப் போனது. கறுப்பன் இடம் கறுப்பன் இடம்தான் என்று சோணைக்குப் புரிந்தது. அவனும் திரும்பி நடந்தான். செவலை உயிரோடு இருந்த காலம் முழுவதும் அவன் ஓர் இரவும் முழுசாகத் தூங்கவில்லை.

ஆகவே, துணையை இழந்த ஜீவனிடம் சாவை மறைப்பது இரக்கம் ஆகாது, உண்மையைக் காட்டிவிட்டு அதன் வெறுமையான பக்கத்தில் நாம் நடப்பதே இரக்கம்.