பனி காத்த புல்மேடு

என் மீசை மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒட்டு மீசை என்கிறவர்கள் வந்து இழுத்தே பார்க்கலாம்.

பழனி மலைத்தொடரின் உச்சியில் பெரிய புல்மேடு ஒன்று. அதன் மடிப்பில் சோலைக்காடு. சோலை ஓரத்துக் குடிசையில் சுக்குச்சாமி இருந்தார். யார் போனாலும் சுக்குத்தண்ணி கொடுப்பார். புத்தி மட்டும் கேட்டால்தான் கொடுப்பார். அந்த மார்கழிக் குளிரை என்னவென்று சொல்ல? அவர் அடுப்புப் புகை மேலே போகும்போதே உறைந்து நின்றுவிடும். விறகு தீர்ந்த அன்று அதையே ஒடித்து அடுப்பில் வைத்தார். நான் பார்த்தேன்.

அவரிடம் சீடராக வந்தவர் ரத்தினசபாபதி. சாமியைவிட மூத்தவர். கீழ்மலையில் மரவாடி வைத்து, தோதகத்தியும் தேக்குமாக அறுத்து விற்றவர். இப்போது கண்ணை மூடினால் ரம்பச் சத்தம் கேட்கிறதாம். வெட்டினதற்கு ஈடாக இந்தப் புல்மேடு முழுக்க மரம் வளர்த்தால்தான் தூக்கம் வரும் என்று நம்பினார். சோலையிலிருந்து செண்பகக் கன்றுகளைப் பெயர்த்து நட்டார். விடிந்து பார்த்தால் எல்லாம் வெந்த கீரை மாதிரிக் கறுத்துக் கிடக்கும். மறுபடி நடுவார். மறுபடி கறுக்கும்.

ஒரு விடியலில் செத்த கன்றைக் கொண்டுவந்து சாமி முன்னால் போட்டார்.

“கொலைகாரப் பனி! இது ஒழியறதுக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி.”

“செருப்பைக் கழட்டும்.”

சாமி அவரை வெறுங்காலோடு புல்லில் நிறுத்தினார். மேடு முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளை. ரத்தினசபாபதி குதித்தார்.

“ஐயோ, சுடுது!”

“குளிருதுன்னு சொல்லும்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சாமி!”

சாமி அவர் கையைப் பிடித்துச் சோலைக்குள் இழுத்துப்போனார். அங்கே மண்ணில் வெள்ளையே இல்லை. கால் மெல்லச் சூடு கண்டது. பெரிய செண்பகத்தின் அடியில், இரண்டே இலை விட்ட கன்று ஒன்று பச்சைப் பசேலென்று நின்றது.

“இங்க ஏன் பனி எறங்கல?” என்று கேட்டார் சாமி.

“மேல கிளை மூடியிருக்கு.”

“அங்க?”

“வெறும் வானம்.” சொல்லிவிட்டு ரத்தினசபாபதி யோசித்தார். “அப்போ புல்லு மட்டும் எப்படிப் பொழைக்குது?”

சாமி வெளியே வந்து, கருகின புல்தூரை விரலால் விலக்கினார். அடியில், மண்ணை ஒட்டி, ஊசி மாதிரி ஒரு பச்சை.

“கன்னுக்கு உசிர் நுனியில. இதுக்கு அடியில.”

வெயில் ஏறியது. பனி உருகி, புல்லில் சொட்டி, மண்ணுக்குள் இறங்கியது. வரையாட்டுக் கூட்டம் ஒன்று வந்து மேய்ந்தது. அதில் ஒரு கிடா எனக்குத் தலையாட்டியது, பழைய பழக்கம்.

ரத்தினசபாபதி வாய் பிளந்து நின்றார்.

“பனி இல்லேன்னா சோலை இந்தப் புல்லை எப்பவோ முழுங்கியிருக்கும். இந்த ஆடுக எங்க போகும்? உசிரே இல்லாத ஒண்ணு இத்தனை உசிருக்கு எடம் பிரிச்சுக் கொடுத்திருக்கே சாமி!”

“உசிர் இருந்திருந்தா அதுக்கும் வேண்டியவன் வேண்டாதவன்னு வந்திருக்கும்.”

ரத்தினசபாபதி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ நான் எங்கதான் நடுறது?”

“வெட்டினது எங்க?”

“கீழ்மலையில.”

“அங்க உறைபனி உண்டா?”

“கிடையாது.”

“மழை?”

“அது கொட்டும்.”

“பிறகு எதுக்கு இவ்வளவு உசரம் ஏறி வந்தீரு?”

ரத்தினசபாபதி கருகின புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திக் காது கொடுத்தன. கடைசியில் மெல்லச் சொன்னார்:

“அங்க எல்லாருக்கும் என் முகம் தெரியும் சாமி. அறுத்தவனே கன்னு நடுறான் பாருன்னு சிரிப்பாங்க.”

சாமி மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“குனிஞ்சுதானே நடணும்? முகம் தெரியாது.”

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ரத்தினசபாபதியின் பேரன்மார் எனக்கு அடுத்த வீடு.