மதிலுக்கு மண் உருண்டை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது தர மாட்டேன். அதற்கு முன் ஒரு குழந்தை அழ வேண்டியிருக்கிறது.

விஜயதசமியன்று மடத்துப் பள்ளியில் நாலு வயது தெய்வானையைச் சேர்க்க வந்தார் அவள் அப்பா காத்தவராயன். பள்ளியைப் பார்த்துக்கொள்பவன் குருவின் சீடன் வடமலை. அவள் விரல்களுக்குள் பலப்பத்தைத் திணித்து, தன் கையால் அழுத்தி ‘அ’ இழுத்தான். பலப்பம் உடைந்தது.

“வலிக்குதுண்ணே!” என்று வீரிட்டாள்.

“ஒரு எழுத்துகூட வரலையா?” காத்தவராயனுக்குச் சந்தையில் மாடு விலை பேசுகிற குரல். “தை பொறந்ததும் வருவேன். அப்பவும் எழுதலேன்னா டவுன் பள்ளிக்கூடந்தான். அங்க பிரம்பு இருக்கு.”

அவர் போனதும் வடமலை குருவிடம் ஓடினான். “சாமி, சாயங்காலமும் எழுத வைக்கட்டுமா?”

“வேலிய எடுத்துட்டு மதில் கட்டணும். பிள்ளைங்கள வச்சு மண் உருண்டை உருட்டு. பலப்பமெல்லாம் எங்கிட்ட குடு.”

“பாடம்?”

“மதில் முடியட்டும்.”

உருட்டினார்கள். காய்ந்த மண்ணில் ஈரத்துணியைப் பிழிந்தார்கள். பாம்பு திரித்தார்கள். தெய்வானை ஓர் உருண்டைக்கு மூக்குக் கிள்ளி வைத்து, “இது வடமலை அண்ணன்” என்றாள். அவள் வாய் வழியாக உருண்டை அவன் குரலிலேயே “எழுது, எழுது” என்று அதட்டியது.

அன்றன்றைய உருண்டைகளை மாலையில் குரு வாளியில் அள்ளிப் போவார். காலையில் குழைந்த மண்ணோடு வருவார்.

“சாமி, தெய்வானை பாம்பு பண்ணுது. மதிலுக்குப் பாம்பு எதுக்கு?” என்றான் வடமலை.

“பாம்பும் வைக்கலாம்” என்றார் குரு, சிரிக்காமல்.

தை பிறந்தது. காத்தவராயன் வந்து நின்றார். குரு ஒரு சிலேட்டையும் பலப்பத்தையும் தரையில் வைத்தார்.

தெய்வானை பலப்பத்தை மூன்று விரலால் கிள்ளி எடுத்தாள். சுவரிலிருந்த ‘அ’வை அண்ணாந்து பார்த்தாள். சுழித்தாள், வளைத்தாள், கீழே இழுத்து நிறுத்தினாள்.

“பாம்பு சுருண்டுக்கிச்சு” என்றாள்.

“அடி என் தங்கமே!” காத்தவராயன் அவளைத் தூக்கிக்கொண்டார். “இங்கயே படிக்கட்டும் சாமி.”

வடமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் ஒண்ணுமே சொல்லித் தரலையே சாமி. மதில் வேலைதானே பார்த்தோம்?”

“எந்த மதில்?”

வடமலை வெளியே பார்த்தான். முள்வேலி அப்படியே இருந்தது. ஒரு கல்கூட வந்து இறங்கவில்லை.

“சாமி! அப்போ அந்த உருண்டையெல்லாம்...”

குரு வாளியை அவன் பக்கம் தள்ளினார்.

“இன்னிக்கு உருட்டினத நீ கரைச்சு வை. நாளைக்குப் புதுசாப் பிள்ளைங்க வராங்க.”